இருபத்திரண்டா, பதினேழா: தவராசா துவக்குத் தேர்ந்த கதை

கனகராயன்குளத்தில் துவக்கைப் பற்றித் தெரியாத ஒருவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். சண்டைக் காலத்தில் எல்லா வகைத் துப்பாக்கியின் ரவையும் தலைக்கு மேலால் போய்வந்த ஊர். சத்தத்தைக் கேட்டே இது என்ன, எங்கேயிருந்து வருகிறது, படுப்பதா ஓடுவதா என்று சொல்லக்கூடிய பெண்கள் இன்றைக்கும் அங்கே குசினிகளில் புட்டு அவித்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில், அவ்வளவு காலமும் ஒரு துவக்கைக் கையால் தொட்டும் பார்க்காத ஆண்பிள்ளை ஒருவர் உண்டென்றால் அவர் தவராசாதான். எல்லோரும் துவக்கோடு திரிந்த காலத்தில் மனிதர் அகப்பையோடு திரிந்தார். இடம்பெயர்ந்த சனத்துக்குக் கஞ்சி காய்ச்சுகிற வேலை. எல்லாம் ஓய்ந்து, ஊரில் துவக்கென்ற பேச்சே இல்லாமல் போய், சனம் நிம்மதியாக மூச்சுவிடத் தொடங்கிய பிறகு அவருக்குத் துவக்கில் ஆசை பிறந்தது. நல்ல நேரம் பார்த்துப் பிறந்த ஆசை!

ஆசைக்குக் காரணம் குரங்கு. தவராசாவுக்கும் மனைவி கமலாசனிக்கும் குளத்துக்கு மேற்கே இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி இருக்கிறது. அதில் கச்சான் கடலை போடுவார்கள். விதைத்த கையோடு மயில் வந்து கிளறும். கொழுந்து விட்டால் முயல் வந்து கடிக்கும். காய் முற்றினால் குரங்கு குடும்பத்தோடு வந்து பந்தியில் உட்காரும். அது கச்சான் தின்னுகிற விதத்தைக் கண்டால் வயிறு பற்றி எரியும். செடியோடு பிடுங்கி, இரண்டு காயை உடைத்து, உப்புக் குறைவு என்பதுபோல் மூஞ்சியைச் சுளித்து, மிச்சத்தை எறிந்துவிட்டு அடுத்த செடிக்குப் போகும். போன போகம் முழுக்க அப்படியே போயிற்று. இந்தப் போகமும் போனால் காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, சொந்தக் காணியிலேயே கூலிக்குப் புல்லுப் பிடுங்க வேண்டியதுதான். இதைக் கமலாசனி மனதுக்குள் வைத்துக்கொண்டு இருக்கவில்லை. காலையும் மாலையும் வாய்விட்டுச் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஊர் விவசாயிகள் சேர்ந்த கமக்காரர் அமைப்பின் கூட்டத்துக்கு ஓர் உத்தியோகத்தர் வந்தார். பயிர் காக்க விருப்பமானவர்கள் துவக்குக்கு விண்ணப்பிக்கலாம் என்றார்.

"என்ன வகை வேணுமெண்டு யோசிச்சு வாங்கோ. மேலிடம் பாத்துச் செய்யும்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த சோடாவைக் குடித்துவிட்டு, மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

மேலிடம் பார்த்துச் செய்யும் என்றால் என்ன அர்த்தம் என்று இந்த நாட்டில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். தவராசாவின் காதில் விழுந்ததோ "என்ன வகை வேணும்" என்ற பாதி மட்டும்தான். அன்றைக்குப் பிடித்தது சனியன்.

மகள் சுதாஜினி பிரான்சிலிருந்து அனுப்பிய ஃபோன் ஒன்று வீட்டில் இருந்தது. பிள்ளையின் முகம் பார்க்க என்று வந்த ஃபோன் அது. அதில் இப்போது அமெரிக்காவில் இருக்கிற ஒரு தாடிக்காரரின் முகம்தான் தெரிந்தது. தாடிக்காரர் யூரியூப்பில் துவக்குச் சுட்டுக் காட்டுகிறவர். அவர் பேசுகிற ஆங்கிலத்தில் தவராசாவுக்கு விளங்கியது எண்களும் 'வெரி குட்'டும் மட்டுமே. அதுவே போதும் என்று மனிதர் முடிவெடுத்துவிட்டார். காலையில் தேத்தண்ணியோடு தாடி, மத்தியானம் சோற்றோடு தாடி. கமலாசனிக்கு அந்தத் தாடியைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது.

"இஞ்சேரும், இதிலை ஒரு விசயம் இருக்கு" என்று ஒருநாள் அவளைக் கூப்பிட்டு இருத்தினார் தவராசா. "இந்தச் சின்னத் துவக்குகளின்ரை ரவைக்கு நடுவிலை அடிக்கிறேல்லை. அடிப்பக்கத்து விளிம்பிலைதான் அடி விழும். விளிம்புக்குள்ளைதான் மருந்து." சொன்னதோடு விடவில்லை. ஒரு சோடாமூடியைத் தேடி எடுத்து, அதன் ஓரத்தில் ஆணியை வைத்துத் தட்டியும் காட்டினார்.

"குரங்குக்கு விளிம்பிலை அடிச்சதா நடுவிலை அடிச்சதா எண்டு தெரியப் போகுதே?" என்று கேட்டாள் கமலாசனி. "எழும்பிப் போய் வேலியைப் பாருங்கோ."

ஞானம் பெற்ற மனிதருக்கு வேலி கண்ணில் படுமா? அவருக்கு முன்னால் பெரிய கேள்வி ஒன்று நின்றது. இருபத்திரண்டா, பதினேழா? இரண்டும் ரவையின் குறுக்களவு. இருபத்திரண்டு சாதுவானது. சத்தம் குறைவு, தோளில் உதைக்காது, குறி பார்த்துப் பழகுகிறவனுக்கு அதைப்போல் இல்லை, முயலுக்கும் போதும். ஆனால் தூரம் போகப்போக ரவை கீழே இறங்கிவிடுமாம். பதினேழு அப்படியில்லை. ரவை பொடியன், ஆனால் மின்னல் வேகம், கோடு கிழித்ததுபோல் நேரே போகும். ஆனால் காற்று அடித்தால் விலகிவிடுமாம். இருபத்திரண்டுக்கு மக்னம் என்று ஒரு பெரியண்ணன் வேறு. அடி பலம், தூரமும் போவான், ஆனால் முயலில் பட்டால் கறிச்சட்டிக்கு ஒன்றும் மிஞ்சாது. தவராசா இருபத்திரண்டுதான் என்று முடிவெடுத்துப் படுப்பார். விடிந்தால் பதினேழு. காற்று அடிக்கத் தொடங்கினால் பதினேழைக் கைவிட்டு மறுபடியும் இருபத்திரண்டு. சாதகப் பொருத்தம் பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு மினைக்கெடமாட்டார்கள்.

எந்த வகை என்று முடிவாகாவிட்டால் என்ன, பயிற்சியைத் தொடங்கலாம் அல்லவா? உரப்பை ஒன்றை விரித்து, அதில் கரிக்கட்டியால் வட்டத்துக்குள் வட்டமாக வரைந்து, காணிக்கரைப் பாலைமரத்தில் கட்டினார். துவக்கு இல்லை. அதனால் மண்வெட்டிப் பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டார். பாயை விரித்துக் குப்புறப் படுத்து, பிடியைத் தோளில் வைத்து, ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக் குறிபார்த்தார். பாலைமரத்துக் குரங்குகள் வரிசையாக இருந்து பார்த்தன. பொழுதுபோக்குக்கு அவற்றுக்கும் ஏதாவது வேண்டுமே.

காணியின் அடுத்த கரையிலிருந்து தகரத்தை அடித்துக்கொண்டு கமலாசனி ஓடிவந்தாள். கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"ஐயோ, அதுகள் உங்கடை தலைக்கு மேலை இருந்து திண்டுகொண்டிருக்குதுகள்!"

"சத்தம் போடாதையும்" என்றார் தவராசா, அசையாமல். "மூச்சைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறன்."

"பிடிச்ச மூச்சு பிடிச்சபடியே கிடக்கட்டும்!" என்று சொல்லிவிட்டு அவள் தகரத்தை அவருடைய காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு அடி அடித்தாள். குரங்குகள் ஓடவில்லை. தவராசா ஓடினார்.

கமக்காரர் அமைப்பிலும் இதே கதைதான். தலைவர் பரமலிங்கத்தாருக்குச் சின்னத் துவக்கென்றால் இளக்காரம். "பொரி வெடிக்கிற மாதிரிச் சத்தம் வாறதெல்லாம் ஒரு துவக்கே? காட்டுப் பண்டி சிரிக்கும்" என்றார். தவராசா எழும்பி, தாடிக்காரர் சொன்னதை எல்லாம் ஒப்புவித்தார். இரண்டு கட்சி உண்டாகி, கூட்டம் மூன்று கூட்டமாக நீண்டது. கடைசியில் யாரோ ஒருவர், வகை இருக்கட்டும், எதைச் சுடப்போகிறோம் என்று கேட்டுவிட்டார்.

"மயிலைச் சுடேலாது. முருகன்ரை வாகனம். சட்டமும் விடாது" என்றார் பரமலிங்கத்தார்.

"அப்ப குரங்கு?"

"ஆஞ்சநேயர். வாயைக் கழுவும்."

"எலி?"

"பிள்ளையாரைப் பகைக்கவோ?"

பன்றி ஒன்றுதான் அநாதை என்று எல்லோரும் ஆறுதல்பட்ட நேரத்தில், பெருமாள் பன்றியாய் அவதாரம் எடுத்தது ஒருவருக்கு ஞாபகம் வந்து தொலைத்தது. முயலும் சந்திரனில் குடியிருப்பது தெரியவந்து தப்பித்துக்கொண்டது. கச்சானுக்கு வாகனமாகவோ அவதாரமாகவோ ஒருவரும் இல்லை. அதுதான் அது செய்த பாவம்.

வேதக்காரரான கிறிஸ்தவர் யாரையாவது சுட வைத்தால் என்ன என்று பரமலிங்கத்தாருக்கு ஒரு யோசனை உதித்தது. கொக்கிளாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருகிற பஸ்தியாம்பிள்ளையை மறித்துக் கேட்டார்கள். பஸ்தியாம்பிள்ளை மீன்பெட்டியை மூடி, தலையைச் சொறிந்து, நிதானமாக யோசித்தார்.

"செய்யலாம் அண்ணை. ஆனா இப்ப தவக்காலம். இறைச்சிப் பக்கமே போகப்படாது."

"நீர் திண்ண வேண்டாம், சுட்டுத் தந்தால் காணும்."

"சுட்டுப்போட்டுத் திண்ணாமல் இருக்கிறது அதைவிடப் பெரிய தவம் எல்லோ" என்று சொல்லி, பாரைமீனை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

மற்றவர்கள் இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம். கமலாசனிக்குச் சிரிப்பு வரவில்லை. கச்சான் காய் பிடிக்கத் தொடங்கியிருந்தது. விண்ணப்பத்துக்குக் கடைசித் திகதி கிட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு கதை கதைத்த ஊரில் ஒருவர்கூட இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்பது அவளுக்கு அப்போது விநோதமாகப் படவும் இல்லை. அவளுடைய கண்ணுக்குத் தன் வீட்டு நிபுணர் ஒருவரைத்தான் தெரிந்தது. நாளைக்குப் போகலாம் என்பார். விடிந்தால், தாடிக்காரர் புதிதாக ஒன்று சொல்லியிருக்கிறார், அதையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்பார். ஒருநாள் காற்றின் திசை பிழை என்றார். இன்னொருநாள், அவசரப்பட்டு இருபத்திரண்டை எழுதிவிட்டுப் பிறகு பதினேழு கேட்டால் தரமாட்டார்கள் என்றார்.

"கலியாணத்துக்குக்கூட நீங்கள் இவ்வளவு யோசிக்கேல்லை" என்றாள் கமலாசனி.

"அதாலைதான் இதுக்கு யோசிக்கிறன்" என்றார் தவராசா.

அவள் எழும்பினாள். உள்ளே போய்ச் சேலை மாற்றி, அவருடைய வெள்ளைச் சேட்டை அலுமாரியிலிருந்து எடுத்து முகத்துக்கு நேரே நீட்டினாள். "வெளிக்கிடுங்கோ. இருபத்திரண்டோ இருநூற்றிருபதோ, இண்டைக்கு எழுதிக் குடுத்துப்போட்டுத்தான் இந்த வீட்டிலை உலை வைப்பன்."

பஸ்ஸில் தவராசா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். பதினேழின் காற்றுப் பிரச்சினையை முன்சீட்டில் இருந்தவருக்கும் விளக்கினார். அலுவலகப் படி ஏறும்போது பேச்சு கொஞ்சம் குறைந்தது. கதிரையில் இருத்திவைத்து முறை வந்தபோது நின்றேவிட்டது. கமலாசனி அதைக் கடவுள் செய்த உபகாரம் என்று நினைத்தாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தது ஓர் இளம்பிள்ளை. சிரித்த முகம். சண்டை முடிந்தபோது பால்பல் விழுந்திருந்தால் பெரிய விசயம்.

"கனகராயன்குளமே? உங்கடை ஊரிலை இருந்து நீங்கள்தான் ஐயா முதல் வந்திருக்கிறியள்" என்றது அந்தப் பிள்ளை.

"வகை யோசிச்சுக்கொண்டு இருந்திட்டார்" என்றாள் கமலாசனி. "இருபத்திரண்டோ பதினேழோ எண்டு."

பிள்ளை இருவரையும் மாறிமாறிப் பார்த்தது. "அப்பிடி ஒண்டும் இல்லையே அம்மா. ஒரு வகைதான் இருக்கு. தந்தால் அதைத்தான் தருவினம்."

கமலாசனிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அந்த உரப்பை, அந்தச் சோடாமூடி, தாடிக்காரரோடு போன அத்தனை மத்தியானங்கள்! மனிதரின் முகம் போகிற போக்கை ஆசைதீரப் பார்க்கலாம் என்று திரும்பினாள். முகம் எங்கேயும் போகவில்லை. அவர் மேசையில் கிடந்த பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்கோ ஐயா, முழுப்பேர்?"

"இருபத்திரண்டு" என்றார் தவராசா.

"வயசு பிறகு ஐயா. முதல் பேரைச் சொல்லுங்கோ."

"இருபத்திரண்டிலை நீட்டு ரவை. பழகிறதுக்கு நல்லது. தோளிலை உதைக்காது."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கமலாசனிக்கு மானம் போயிற்று. இந்த மனிதர் இங்கேயும் விசர்க்கதை கதைக்கிறாரே என்று அவருடைய இடுப்பில் கிள்ளினாள். அவர் உணரவில்லை. அப்போதுதான் அவருடைய கையைக் கண்டாள். அது மேசை விளிம்பை விடாமல் பிடித்திருந்தது. வெள்ளைச் சேட்டு முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது.

ஏதோ சுகமில்லை என்றுதான் அவள் நினைத்தாள். சுகமில்லாவிட்டால் என்ன, வந்த காரியத்தை முடித்துவிட்டுப் போகவேண்டும். கச்சான் காத்துக்கொண்டு இருக்காது.

"பிள்ளை, என்ரை பேரிலை எழுதுங்கோ. கமலாசனி..."

"எழுதாதேங்கோ!"

கட்டடமே திரும்பிப் பார்த்தது. கலியாணம் செய்த நாளிலிருந்து அவர் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. தவராசா அந்தப் பிள்ளையின் கையிலிருந்த பேனையையே பிடித்துவிட்டார்.

"அவவின்ரை பேரை எழுதாதேங்கோ பிள்ளை. கும்பிட்டன். அவவின்ரை பேர் வேண்டாம்."

பிள்ளை வெலவெலத்துப் போயிற்று. ஆனாலும் நல்ல பிள்ளை, குரலைத் தணித்து ஆறுதல் சொன்னது. "பயப்பிடாதேங்கோ ஐயா. பேரை மட்டும் பதிஞ்சுபோட்டு விட்டிடுவம். ஒண்டும் இல்லை."

"தம்பிக்கும் அப்பிடித்தான் சொன்னவை" என்றார் தவராசா.

கமலாசனியும் அன்றைக்கு அங்கேதான் நின்றாள். சண்டை முடிந்த அந்த வைகாசி, வட்டுவாகல் கடந்து வந்து வெயிலில் குந்தியிருந்த சனம், இராணுவத்தின் ஒலிபெருக்கி. இயக்கத்தோடு ஒருநாள் சம்பந்தப்பட்டிருந்தாலும் வந்து பெயரைக் கொடுங்கள், பதிந்துவிட்டு விட்டுவிடுவோம் என்று அது திரும்பத் திரும்பச் சொன்னது. தவராசாவின் கடைசித் தம்பி கிருசாந்தனைப் பங்கர் வெட்டக் கொஞ்ச நாள் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள், அவ்வளவுதான். ஒளிக்க ஒன்றும் இல்லாத பிள்ளை எழும்பி நின்று சேட்டைத் தட்டிவிட்டது. "அண்ணை, பேரைக் குடுத்திட்டு ஓடிவாறன்" என்றது. மேசையில் இருந்தவருக்குப் பெயர் சரியாக விளங்கவில்லைப்போலும். கிருசாந்தன் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொடுத்ததைத் தூரத்தில் இருந்து இரண்டு பேரும் பார்த்தார்கள். பிறகு அவனைக் காணவில்லை. இன்றுவரை இல்லை.

இதெல்லாம் அவளுக்குத் தெரியாத கதையா? மாமியார் கண்மூடும்வரை அவளுடைய மடியில் படுத்து அழுத கதை. தெரிந்திருந்தும், இருபத்திரண்டையும் பதினேழையும் இந்த மனிதர் மாறிமாறிப் பிடித்துக்கொண்டிருந்தது எதற்கு என்று அவளுக்கு ஒருநாளும் விளங்கவில்லை. வகை முடிவானால் மேசைக்கு வரவேண்டும். மேசைக்கு வந்தால் பெயர் சொல்லவேண்டும். அவர் தாடிக்காரரின் வாயைப் பார்த்துக்கொண்டு அந்த மேசையைத்தான் தள்ளிப்போட்டிருக்கிறார். பரமலிங்கத்தார் கூட்டத்தை இழுத்ததும் பஸ்தியாம்பிள்ளை தவக்காலம் சொன்னதும் இப்போது வேறுமாதிரித் தெரிந்தன. கமலாசனிக்குத் தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மண்டைக்குள் மண்ணா இருந்தது எனக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பேனையை எடுத்து அந்தப் பிள்ளையிடம் கொடுத்தாள். "குறை நினையாதையுங்கோ பிள்ளை. எங்களுக்குத் துவக்கு வேண்டாம்."

வெளியே ஏ-ஒன்பது றோட்டு வெயிலில் கொதித்தது. பஸ் தரிப்பிடத்தில் இரண்டு பேரும் இருந்தார்கள். தவராசா சேட்டு நுனியால் முகத்தைத் துடைத்தார்.

"முதலே சொல்லியிருக்கலாமே" என்றாள் கமலாசனி. "நான் மனிசியோ இல்லை மரமோ?"

"என்னெண்டு சொல்லுறது?" அவர் றோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீர் அங்கை தகரத்தை அடிச்சு அடிச்சுத் தொண்டை கிழியக் கத்துறீர். எனக்கு ஒரு பேரைக் குடுக்கப் பயமாக் கிடக்கெண்டு எந்த முகத்தோடை சொல்லுறது? எதையெண்டாலும் செய்துகொண்டிருக்கிறன் எண்டு உமக்குக் காட்டத்தான்..."

கமலாசனி அழுதாள். இவ்வளவு நாளும் இந்த மனிதரை ஊர் கேட்க ஏசிய ஏச்செல்லாம் திரும்ப அவளுடைய காதிலேயே விழுந்தது. சேலைத் தலைப்பால் மூக்கைச் சிந்தி எறிந்துவிட்டு, வழக்கமான குரலைத் தேடி எடுத்துக்கொண்டாள்.

"சரி, காணும். கச்சான் இந்த முறை குரங்குக்குத்தான். கிடைக்கிறதைப் பிடுங்குவம். காணியை ஒருத்தருக்கும் குடுக்கிறேல்லை. அடுத்த போகம் எள்ளு விதைப்பம். எள்ளைக் குரங்கு தொடாது."

தவராசா நிமிர்ந்தார். "எள்ளோ?" முகத்தில் மெல்ல மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. "எள்ளிலையும் ரெண்டு மூண்டு இருக்கு. கறுப்பெள்ளு ஒரு மாதிரி, வெள்ளை எள்ளு ஒரு மாதிரி. மேட்டுக்காணிக்கு எது சரியெண்டு அவசரப்பட்டுச் சொல்லேலாது..."

வாயை மூடுங்கோ என்று சொல்லத்தான் கமலாசனி திரும்பினாள். அவருடைய கை இன்னும் சேட்டு நுனியைக் கசக்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்கள் ஆறுதலாய்ப் பாத்துச் சொல்லுங்கோ" என்றாள். "அவசரமில்லை."